பாதை திறந்திருக்கோ? வழிகாட்டிப் புத்தகத்தோடு தனியே புறப்படுகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரிந்த கேள்வி ஒன்று உண்டு: "பாதை திறந்திருக்கோ?" கொழும்புக்குப் போக வேண்டியவர் பையை எடுத்து வைக்க முன்னரே அதைத்தான் கேட்பார். ஆனையிறவு மூடியிருந்த காலத்தில் கொம்படி, அதுவும் இல்லையென்றால் கிளாலிக் கடலில் இரவு வள்ளம். 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தபோது ஊரே சந்தோசப்பட்டது. 2006 ஆகஸ்டில் முகமாலையில் சண்டை தொடங்க, அதே வீதி மறுபடி மூடியது. அதற்குப் பிறகு கப்பல், இல்லாவிட்டால் விமானம்.

2006இன் தொடக்கத்தில் ஒருவர் வழிகாட்டிப் புத்தகம் எழுத யாழ்ப்பாணம் வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் எத்தனை மணிக்கு, முகமாலைச் சோதனைச்சாவடியில் எவ்வளவு நேரம் வரிசையில் நிற்க வேண்டும், எந்த விடுதியில் தண்ணீர் நல்லது என்று எல்லாவற்றையும் கவனமாக எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அந்தப் புத்தகம் அச்சாகிக் கடைக்கு வந்த நாளில் பஸ்ஸும் இல்லை, வரிசையும் இல்லை. எழுதியவரில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அவர் எழுதிய அன்று அது உண்மைதான்.

இப்போது நம் பிள்ளைகள் முதுகுப்பையோடு நேபாளம், ஜோர்ஜியா, கென்யா என்று தனியே புறப்படுகிறார்கள். பாகிஸ்தான், ஈராக், மியன்மார் போகலாமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது உண்மையாகவே மகிழ்ச்சி. நாங்கள் அந்த வயதில் தாண்டிக்குளம் சாவடியைத் தாண்டுவதற்கே பாஸ் எடுக்க அலைந்தோம். போகிறவர்கள் பத்திரமாகத் திரும்பி வரவேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். கையில் இருக்கும் புத்தகத்தை நம்பலாமா என்றால், நம்பலாம். எந்தப் பக்கத்தை, எந்த நாள்வரை நம்பலாம் என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும். பிறர் எழுதும் புத்தகத்தில் "ஆபத்தான இடம்" என்ற பெயரோடு முப்பது வருடம் இருந்த ஊர்க்காரருக்கு இது புதிதாகப் படிக்க வேண்டிய பாடம் அல்ல.

முதலில் புத்தகத்தின் வயதைப் பாருங்கள்

அட்டைப் படத்தை விட்டுவிட்டு, பதிப்பு விபரம் அச்சாகியிருக்கும் பக்கத்தைத் திறவுங்கள். அங்கே இருப்பது அச்சான வருடம். எழுத்தாளர் அந்த நாட்டில் நடந்து திரிந்தது பெரும்பாலும் அதற்கு ஒரு வருடத்துக்கு முன்னர். அடுத்த பதிப்பு வரும்வரை இன்னும் இரண்டு மூன்று வருடம் அதே புத்தகம் கடையில் இருக்கும். ஆகவே 2023 என்று போட்ட புத்தகத்தை 2026இல் வாங்கினால், நீங்கள் படிப்பது 2022ஆம் ஆண்டு நிலவரம். மின்புத்தகமாக நேற்றுத்தான் வாங்கினீர்கள் என்றாலும் கணக்கு இதேதான்.

ஆபத்தான நாடுகளில் இது இன்னும் மோசம். நாடு கலங்க, எழுத்தாளர்களை அனுப்ப முடியாது. வாங்குகிறவர்களும் குறைய, புதுப் பதிப்பு வராது. பழைய பதிப்பே ஒரே பதிப்பாக நின்றுவிடும். லோன்லி பிளானட் என்ற வழிகாட்டிப் புத்தக நிறுவனம் ஆப்கானிஸ்தானுக்கென்று தனிப் புத்தகம் போட்டது 2007இல். அதை இப்போதும் கைபேசியில் வைத்துக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு. அதற்குப் பிறகு அந்த நாட்டில் ஆட்சியே மாறிவிட்டது. பாமியானுக்குப் பக்கத்தில் உள்ள பந்தே அமீர் ஏரிப் பூங்காவுக்குள் பெண்கள் போகக்கூடாது என்று 2023 ஆகஸ்டில் தடை வந்தது. 2024 மே மாதத்தில் பாமியான் நகரிலேயே சுற்றுலாப் பயணிகள் சுடப்பட்டு, மூன்று ஸ்பெயின்காரர்கள் இறந்தார்கள். பழைய புத்தகத்தில் பாமியான் ஒப்பீட்டளவில் அமைதியான இடம் என்று இருந்தால், அது எழுதிய நாளுக்குரிய வாக்கியம்.

லோன்லி பிளானட் நிறுவனமே இப்படி ஒரு பாதையில் பிறந்ததுதான். டோனி, மொரீன் வீலர் தம்பதி லண்டனிலிருந்து ஆசியா ஊடாக அவுஸ்திரேலியா வரை வந்து, 1973இல் அதைத் தொடங்கினார்கள். துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா என்று அந்தக் காலத்து இளைஞர்கள் பஸ்ஸிலேயே வந்த பாதை அது. 1979இல் ஈரானில் புரட்சி, அந்த ஆண்டின் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. ஆறே வருடத்தில் பாதை அடைபட்டுப் போனது.

நம் ஊரிலேயே ஒரு நாள் பயிற்சி

இந்தப் படியை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான்.

வெளிநாடு போக முன்னர், இலங்கை பற்றிய பழைய வழிகாட்டிப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுங்கள். யாழ்ப்பாணம் பற்றிய பக்கங்களை மட்டும் படி எடுத்துக்கொண்டு, ஒரு பென்சிலோடு சைக்கிளில் ஏறுங்கள். நீங்கள் வெளியூர் ஆள், ஒரு சொல் தமிழ் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, புத்தகம் சொல்வதை மட்டும் வைத்து ஒரு நாள் ஊரைச் சுற்றுங்கள். என் பெறாமகள் நேபாளம் போக ஆயத்தமானபோது அவளை இப்படித்தான் கூட்டிக்கொண்டு போனேன். கையில் இருந்தது 2012 அளவில் அச்சான புத்தகம்.

கோட்டையில் தொடங்கினோம். போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்துத் திருத்திக் கட்டியது என்று இருந்தது. சரி. நல்லூர்க் கோயிலில் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும் என்று இருந்தது. அதுவும் சரி, நூறு வருடம் கழித்தும் சரியாகத்தான் இருக்கும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானில் படகு ஏற வேண்டும் என்பதும் சரி. படகு நேரம் மட்டும் பிழை. மாரியில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது என்பதைப் புத்தகம் சொல்லவே இல்லை. எழுதியவர் வந்தது கடல் அடங்கிய மாதத்தில் போலும்.

அப்புறம் ரயில். "யாழ்ப்பாணத்துக்கு ரயில் இல்லை" என்று எழுதியிருந்தது. 1990இல் நின்ற யாழ்தேவி 2014 ஒக்டோபரில் மறுபடி யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த வரியை வெட்டிவிட்டு "ரயில் உண்டு" என்று எழுதினாலும் போதாது. 2023இல் அநுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் தண்டவாள வேலை என்று நேரடி ரயில் பல மாதம் ஓடவில்லை. அந்த நேரம் புத்தம் புதிய புத்தகத்தை நம்பி வந்தவரும் அநுராதபுரத்தில் இறங்கி பஸ் பிடித்தார்.

பலாலியும் இப்படித்தான். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, கொரோனாவோடு 2020இல் நின்றது, 2022 டிசம்பரில் சென்னை விமானம் திரும்ப வந்தது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. வசாவிளானிலிருந்து பலாலி போகும் வீதி 35 வருடத்துக்குப் பிறகு 2025 ஏப்ரலில் திறந்தபோதும், இந்த நேரத்துக்குள்தான் போகலாம், நடுவில் நிற்கக்கூடாது என்று நிபந்தனைகளோடுதான் திறந்தது. புத்தகத்தின் வரைபடத்தில் அது சாதாரணமான ஒரு கோடு.

பொழுதுபடும்போது என் பெறாமகள் பென்சில் அடையாளங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பெரியம்மா, கல்லும் சாமியும் கடலும் சரியாக இருக்கு. மனுசர் திறக்கிற, பூட்டுற சாமான் ஒன்றும் சரியில்லை." நான் சொல்ல நினைத்ததை அவளே கண்டுபிடித்துவிட்டாள். வேறு நாட்டில் புத்தகத்தின் எந்த வரி பிழையாகும் என்று அங்கே போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும். நம் ஊரில் விடை நமக்கு முன்பே தெரியும் என்பதால் ஒரே நாளில் கண் பழகிவிடும்.

பக்கங்களைப் பிரித்து அடையாளம் போடுங்கள்

பயிற்சி முடிந்ததும் போகப்போகும் நாட்டின் புத்தகத்தை எடுத்து, அதே பென்சிலோடு உட்காருங்கள். வரலாறு, மொழிச் சொற்கள், கோயில் பள்ளிவாசலில் உடுப்பு முறை, எந்த மாதம் மழை, எந்தக் கணவாய் பனியில் மூடும் என்ற பகுதிகளை நிம்மதியாகப் படிக்கலாம். இணையத்தில் துண்டு துண்டாகக் கிடைப்பதைவிட நல்ல புத்தகம் இதையெல்லாம் கோவையாகத் தரும். பிராட் போன்ற பதிப்பகங்கள் பலரும் போகாத நாடுகளுக்கு இந்த வகையில் நன்றாகச் செய்கின்றன. ஆபத்தான நாட்டுக்குப் போகிறவருக்கு வரலாற்றுப் பகுதி பொழுதுபோக்கு அல்ல. எந்த ஊரில் எந்த இனத்தாருக்கு யாரோடு பகை, எந்தப் பெயரைச் சந்தியில் நின்று சத்தமாகச் சொல்லக்கூடாது என்பது அங்கேதான் இருக்கும்.

மிதிவெடி எச்சரிக்கையைப் பழசு என்று ஒருபோதும் தள்ளாதீர்கள். கம்போடியா, லாவோஸ், பொஸ்னியா போகிறவர்கள் இருபது வருடப் பழைய எச்சரிக்கையையும் மதியுங்கள். பொஸ்னியாவில் 2014இல் பெருவெள்ளம் வந்தபோது மண் சரிந்து, அடையாளம் போட்ட வெடிகளே இடம் மாறின. முகமாலைப் பக்கம் சிவப்பு மண்டையோட்டுப் பலகை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எல்லைக் கடவை, விசா, பஸ், ரயில், விலை, "இந்தப் பகுதி பாதுகாப்பானது" என்ற வரி, இவற்றின் பக்கத்தில் ஒவ்வொரு கேள்விக்குறி போடுங்கள். புறப்பட முந்திய வாரம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, சரிபார்த்த திகதியைப் பக்கத்தில் எழுதுங்கள். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையிலான அட்டாரி–வாகா கடவையைப் பற்றிப் பல புத்தகங்களில் அழகாக எழுதியிருக்கும். 2025 ஏப்ரலில் காஷ்மீரில் பகல்காம் தாக்குதல் நடந்து சில நாளுக்குள் அதை மூடிவிட்டார்கள். நேபாள மலைப்பாதைகளில் தனியே நடக்கலாம் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டவர் பல பாதைகளில் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும் என்று விதி வந்தது. விலையைப் பற்றி நமக்குச் சொல்லத் தேவையில்லை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 அளவுக்கு ஏறியபோது, முந்திய ஆண்டு அச்சான எந்தப் புத்தகத்தின் விலைப்பட்டியலும் செல்லாக்காசு ஆனது.

பயண நேரத்துக்கும் கேள்விக்குறி போடுங்கள். இதில் நானே அடிபட்டிருக்கிறேன். சில வருடம் முன்பு ஆவணி மாதத்தில் நேபாளத்தில் ஒரு மலை ஊருக்குப் போனேன். புத்தகத்தில் ஆறு மணித்தியாலம் என்று இருந்தது. அதை நம்பி, மத்தியானம் புறப்படும் பஸ்ஸில் ஏறினேன். மண்சரிவில் பாதை அடைபட்டு, இருட்டில், ஒரு பக்கம் ஆறு இரையும் இடத்தில் விடியும்வரை பஸ்ஸுக்குள் இருந்தோம். பக்கத்தில் இருந்த அம்மா தன் பிள்ளைக்கு வைத்திருந்த அவலில் எனக்கும் ஒரு பிடி தந்தார். அந்த ஆறு மணித்தியாலம் காய்ந்த காலத்துக் கணக்கு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. 2024 ஜூலையில் சிமல்தாலில் இரண்டு பஸ்களை மண்சரிவு திரிசூலி ஆற்றுக்குள் தள்ளிய செய்தி வந்தபோது எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வந்தது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் விடியற்காலை பஸ் மட்டும் எடுங்கள். இரவு பஸ் வேண்டாம்.

அந்தப் புத்தகம் உங்கள் கடவுச்சீட்டுக்காக எழுதப்பட்டதல்ல

ஆங்கிலத்தில் வரும் புத்தகங்களில் பெரும்பாலானவை பிரித்தானிய, அமெரிக்க, அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு உள்ளவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. "வந்திறங்கியதும் விசா" என்று இருந்தால் அது அவர்களுக்கு. நமக்கு வேறு விதி இருக்கும். அந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தில் இலங்கை என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். விமான நிறுவனத்தையும் கேளுங்கள். கவுண்டரில் இருப்பவர் டைமாட்டிக் என்ற தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் உங்களை ஏற்றுவதா விடுவதா என்று முடிவு செய்வார்.

பலரைக் கவிழ்த்த இடம் இடைத்தங்கல். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர் பிராங்போர்ட், பாரிஸ் போன்ற ஷெங்கன் விமான நிலையங்களில், வெளியே போகாமல் விமானம் மாறுவதற்கே விமான நிலைய இடைத்தங்கல் விசா எடுக்க வேண்டும். ஐரோப்பிய, அமெரிக்க வதிவிட அனுமதி உள்ளவர்களுக்கு விலக்குகள் உண்டு. ஆபிரிக்கா போக ஐரோப்பா வழியாக மலிவான டிக்கெட் கிடைத்தது என்று உடனே வாங்காதீர்கள்.

லண்டனிலிருந்து வரும் மச்சானோடு சேர்ந்து போகிறீர்களா? அவருக்கு வேறு சிக்கல். 2011 மார்ச்சிலிருந்து எப்போதாவது ஈரான், ஈராக், சிரியா போன்ற சில நாடுகளுக்குப் போயிருந்தால், பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தாலும் விசா இல்லாமல் அமெரிக்கா போகும் வசதியை அவர் இழந்துவிடுவார். பிறகு தூதரகத்தில் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டிவரும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தனியே போகும் தமிழ் இளைஞரைப் பல விமான நிலையங்களில் சுற்றுலாப் பயணியாகப் பார்ப்பதில்லை, களவாகக் குடியேறப் போகிறவராகப் பார்க்கிறார்கள். மியன்மாரின் மியாவடிப் பக்க இணைய மோசடி முகாம்களில் இலங்கையர் சிக்கியதும், ரஷ்ய–உக்ரைன் போருக்கு ஆட்களை ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போனதும் நடந்த பிறகு, கட்டுநாயக்காவிலேயே கேள்வி கூடிவிட்டது. திரும்பி வரும் டிக்கெட், முதல் சில இரவுகளுக்கான விடுதிப் பதிவு, வங்கிக் கூற்று, வேலைத்தளத்தின் விடுமுறைக் கடிதம், எல்லாவற்றையும் தாளில் அச்சடித்து வைத்திருங்கள். கோபப்படாமல் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். இந்தப் பக்கம் எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்காது.

பயண எச்சரிக்கையும் காப்புறுதியும்

பிரித்தானிய வெளிவிவகார அமைச்சு, அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம், அவுஸ்திரேலியாவின் ஸ்மார்ட்டிராவலர், இந்த மூன்றின் பயண எச்சரிக்கைகளையும் ஒரே நாளில் படியுங்கள். அமெரிக்கா ஒன்று முதல் நான்கு வரை படி போடும். நான்கு என்றால் போகவே வேண்டாம். பிரித்தானியா நாட்டின் வரைபடத்தையே நிறம் பிரித்துக் காட்டும். எந்த மாவட்டம் சிவப்பு என்று அதில் பார்க்கலாம். மூன்றும் ஒரே இடத்தைச் சுட்டினால் அந்த இடத்தைப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஒன்று மட்டும் சொன்னால், ஏன் சொல்கிறது என்று வாசித்துப் பாருங்கள். அரசாங்கங்கள் சில நேரம் அளவுக்கு மீறிப் பயப்படும், சில நேரம் அரசியலும் கலக்கும்.

புத்தகத்துக்கும் இவற்றுக்கும் உள்ள வேக வித்தியாசத்தை நம் நாட்டை வைத்தே பார்க்கலாம். 2019இல் போக வேண்டிய நாடுகளில் முதலாவது இலங்கை என்று 2018 ஒக்டோபரில் லோன்லி பிளானட் அறிவித்தது. ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு நடந்தது. சில நாளில் பிரித்தானியா, அவசியம் இல்லாமல் இலங்கை போக வேண்டாம் என்றது. ஜூன் தொடக்கத்தில் அதைத் தளர்த்தியது. 2024 ஒக்டோபரில் அறுகம்பை பற்றி அமெரிக்கத் தூதரகம் விடுத்த எச்சரிக்கை ஒரே நாளில் உலகம் முழுக்கப் போனது. அச்சடித்த தாள் இந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்காது.

காப்புறுதிப் பத்திரத்தில் விலக்குகள் என்ற பகுதியை முதலில் வாசியுங்கள். போர், உள்நாட்டுக் கலவரம் ஆகியவற்றால் வரும் நட்டத்தைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. பிரித்தானியாவில் வாங்கிய காப்புறுதி, அந்த நாட்டு அரசு போக வேண்டாம் என்ற இடத்துக்குப் போனால் பெரும்பாலும் செல்லாது. மச்சானுக்கு இதையும் சொல்லுங்கள்.

நம் தூதரகம் அங்கே இருக்கிறதா என்றும் பாருங்கள். பொருளாதார நெருக்கடியில் 2022 ஏப்ரலில் பாக்தாத், ஒஸ்லோ தூதரகங்களை இலங்கை மூடியது. எந்த நாட்டிலுள்ள தூதரகம் உங்களுக்குப் பொறுப்பு என்று எழுதி, ஒரு பிரதியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கு யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் இருக்கிறது. ஏதாவது நடந்தால் வீட்டார் முதலில் போக வேண்டிய இடம் அது என்பதையும் சொல்லி வையுங்கள்.

மருந்து

சுருக்கமாகச் சொல்கிறேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் பத்து வருடம் செல்லும் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். 2016 ஜூலையிலிருந்து அது வாழ்நாள் முழுவதும் செல்லும். மலேரியா இலங்கையில் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று தந்தது. அதனால் நம் இளைய தலைமுறைக்கு அந்தக் காய்ச்சலே தெரியாது. ஆபிரிக்கா போகிறவர்கள் புறப்பட முன்னர் மலேரியா தடை இயக்கத்தைக் கேட்டுத் தடுப்பு மாத்திரை எடுங்கள். கடுமையான வலி மாத்திரைகள் சில நாடுகளில் போதைப்பொருள் கணக்கில் சேரும். வைத்தியரின் சீட்டு இல்லாமல் எதையும் கொண்டுபோக வேண்டாம்.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகு: யாரை, எப்படிக் கேட்பது

வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் கேட்கும் விதம் பிழையானால் அதே வாய் பிழையான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

"இந்தப் பாதை போகுமா?" என்று கேட்காதீர்கள். விருந்தாளியிடம் இல்லை என்று சொல்வது மரியாதை இல்லை என்று நினைக்கும் ஊர்கள் நிறைய. நம் ஊரும் அப்படித்தான், "ஓம் ஓம், போகலாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். "நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்? எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள்? வழியில் எங்கே மறித்தார்கள்?" என்று கேளுங்கள். நடந்ததைக் கேட்டால் ஆட்கள் நடந்ததைச் சொல்வார்கள்.

அந்தப் பக்கத்திலிருந்து அன்று காலை வந்த பஸ்ஸின் சாரதியைக் கேளுங்கள். கிளாலிக் காலத்தில் நாங்கள் போகிறவரைக் கேட்டதில்லை, வந்து இறங்கியவரைத்தான் கேட்டோம். உங்களுக்கு ஒன்றும் விற்காத ஒருவரையும் கேளுங்கள்: மருந்துக்கடைக்காரர், ஆசிரியர், பிள்ளையோடு பஸ்ஸுக்கு நிற்கும் தாய். விடுதிக்காரரும் வாகனம் பிடித்துத் தருகிறவரும் நல்லவர்களாகவே இருக்கலாம், ஆனால் நீங்கள் போனால் அவர்களுக்கு வரும்படி. மூன்று பேரைத் தனித்தனியே கேட்டு மூன்று பதிலும் பொருந்தினால் புறப்படுங்கள்.

கேட்க முடியாத நேரத்தில் தெருவைப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் வழமைபோல் போகிறார்களா? சந்தையில் பெண்கள் இருக்கிறார்களா? வேலைநாளில் கடைக்காரர் அரைக் கதவு போட்டுவிட்டு வாசலில் நின்று தெருமுனையையே பார்க்கிறாரா? அரைக் கதவைக் கண்டால் நாங்கள் சைக்கிளைத் திருப்பிவிடுவோம். காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்வோம். எந்த நாட்டிலும் அதையே செய்யுங்கள். புத்தகம் அந்தத் தெருவைப் பற்றி என்ன எழுதியிருந்தாலும் அந்த நேரத்தில் அதற்கு இடமில்லை.

சோதனைச்சாவடியில் புத்தகமும் கைபேசியும்

தேவையான பக்கங்களைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொண்டு, புத்தகத்தைப் பையின் அடியில் வையுங்கள். தெருமுனையில் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் பார்த்ததும் புதியவர் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். வரைபடத்தில் முகாம், பாலம், துறைமுகம் பக்கத்தில் எந்தக் குறியும் போடாதீர்கள். நல்ல எண்ணத்தோடு போட்ட பென்சில் புள்ளியைச் சென்றியில் நிற்பவருக்கு விளக்குவது எவ்வளவு கடினம் என்று நமக்குத் தெரியும். வரைபடமே வில்லங்கமாகும் நாடுகளும் உண்டு. தாய்வானை வேறு நிறத்தில் காட்டியதற்காகச் சீன எல்லையில் வழிகாட்டிப் புத்தகங்களைப் பறித்திருக்கிறார்கள். மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் செய்மதித் தொடர்புக் கருவிகளை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுபோய்க் கைதானவர்கள் இருக்கிறார்கள்.

கையை வெளியே தெரிய வையுங்கள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பகிடி வேண்டாம். படம் எடுக்கவே வேண்டாம்.

இணையம் இல்லாமல் வேலை செய்யும் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். கலவரம் வந்தால் பல நாடுகள் முதலில் நிறுத்துவது இணையத்தைத்தான். மூன்று நாளுக்குப் போதுமான தண்ணீர், காய்ந்த உணவு, அந்த நாட்டுக் காசு, இவை எப்போதும் அறையில் இருக்கட்டும். 2025 செப்டம்பரில் காத்மண்டுவில் போராட்டம் வெடித்து, ஊரடங்கு போட்டு, விமான நிலையத்தையும் மூடினார்கள். அதற்கு முந்திய வாரம்வரை நேபாளத்தை யாரும் பயப்பட வேண்டிய நாடு என்று சொல்லவில்லை.

வீட்டோடு ஓர் ஒப்பந்தம்

ஒரேயொருவரைத் தெரிவு செய்யுங்கள். அழுகிறவர் வேண்டாம், நிதானமாகத் தொலைபேசியில் கதைக்கத் தெரிந்தவர். ஒவ்வொரு நாளும் எந்த ஊர், எந்த விடுதி, நாளைக்கு எங்கே என்று அவருக்கு ஒரு வரி அனுப்புங்கள். 24 மணித்தியாலம் வரி வராவிட்டால் விடுதிக்கு அழைக்க வேண்டும், 48 என்றால் தூதரகத்துக்கு என்று முன்பே பேசி வைத்துவிடுங்கள். எந்தச் சூழ்நிலையில் திரும்பி வருவீர்கள் என்பதையும் வீட்டிலிருந்தே எழுதி வையுங்கள். அங்கே போன பிறகு, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணம் கண்ணை மறைக்கும். திரும்பும் டிக்கெட்டுக்கான காசைத் தொடாமல் தனியே வைத்திருங்கள்.

திரும்பி வந்ததும்

மலேரியா உள்ள நாட்டிலிருந்து வந்து, மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், போய் வந்த நாட்டின் பெயரை வைத்தியரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். டெங்கு என்று நினைத்து நாட்களை வீணாக்கிவிடுவார்கள்.

அப்புறம் அந்தப் புத்தகத்தை எடுத்து, பிழையாகிப்போன ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் நீங்கள் கண்டதையும் கண்ட திகதியையும் எழுதுங்கள். பதிப்பகத்துக்கும் திருத்தம் அனுப்பலாம், வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்காமல், அடுத்துப் போகிறவரிடம் உங்கள் பிரதியையே கொடுங்கள். என் நேபாளப் புத்தகத்தில் இப்போது மூன்று பேரின் கையெழுத்து இருக்கிறது. நான் விடியும்வரை இருந்த அந்தப் பாதைக்கு நேரே, ஆறு மணித்தியாலம் என்ற அச்சுக்குப் பக்கத்தில், "ஆவணியில் 17" என்று நான் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே என் பெறாமகள் எழுதியது: "பங்குனியில் 7. காலை ஐந்தரை பஸ்." வருகிற ஐப்பசியில் போகவிருக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி நேற்று வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனான்.